ஒளிக்கு முந்திய பொழுது

கோல சிலாங்கூர் நகரில் புக்கிட் மெலாவத்திக் குன்றின்மீது 1907-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்று உண்டு. மலாக்கா நீரிணையில் இரவில் செல்லும் கலங்களுக்கு அது வழிகாட்டியது. அவ்விளக்கு ஏற்றப்பட்ட அதே காலத்தில், குன்றுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை எனப் பரந்து கிடந்த காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் ஆயின. அத்தோட்டங்களிலும் விளக்குகள் எரிந்தன. அவை நெற்றியில் கட்டிய சிறு விளக்குகள். பொழுது புலருமுன் மரத்துக்கு மரம் ஊர்ந்து செல்லும் அவ்விளக்குகளுக்குக் கீழே தமிழ் ஆண்களும் பெண்களும் கையில் உளியோடு நின்றனர்.

அவர்கள் வேலை செய்த அந்தப் பொழுதைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. 'ஆன்டிலூக்கன்' என்பது அச்சொல். ஆங்கிலம் கற்றோரிலும் பலர் இதனைக் கேட்டிருக்கமாட்டார்கள். பேரகராதிகளில் மட்டுமே வாழும் சொற்களுள் இதுவும் ஒன்று. அதன் பொருள் 'பொழுது விடியுமுன் நிகழ்வது' என்பதாகும். ஒரு சொல்லின் வேரை ஆராய்வது சொல்லோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அச்சொல்லை யார் ஆண்டனர், யாரைக் குறித்து ஆண்டனர் என்பதையும் அது காட்டிவிடுகிறது. அவ்வகையில், உரோமாபுரியில் பிறந்த இச்சொல்லின் வரலாறு வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றையும் விளக்க வல்லது.

சொல்லின் இரு வேர்கள்

'ஆன்டிலூக்கன்' என்பது 'ஆன்டேலூக்கானுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் திரிபு. இது 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துள் புகுந்தது. இதனைப் பிரித்தால் 'ஆன்டே', 'லூக்ஸ்' என இரண்டு பகுதிகள் கிடைக்கும். 'ஆன்டே' என்றால் முன். 'லூக்ஸ்' என்றால் ஒளி. 'லூக்ஸ்' என்பது வேற்றுமை ஏற்கும்போது 'லூக்கிஸ்' எனத் திரியும். எனவே 'ஒளிக்கு முந்திய' என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருள்.

அரிய சொல்லாயினும் இதன் பகுதிகள் மாணவருக்குப் புதியவை அல்ல. காலை நேரத்தை எழுதும்போது 'ஏ.எம்.' என்று குறிக்கிறோம். அது 'ஆன்டே மெரீடியம்' என்பதன் சுருக்கம். 'நண்பகலுக்கு முன்' என்பது பொருள். அங்குள்ள 'ஆன்டே'யே இங்கும் நிற்கிறது. 'லூக்ஸ்' என்பதோ வேறு பல சொற்களுக்குத் தாய். 'லூசிஃபர்' என்பதை இன்று சாத்தானின் பெயராகவே அறிவர். ஆனால் இலத்தீனில் அது 'ஒளியைக் கொணர்வது' என்னும் பொருளில் விடிவெள்ளிக்கு வழங்கிய பெயர். விளக்கொளியில் அமர்ந்து இரவில் உழைப்பதை 'லூக்குப்ராரே' என்றனர் உரோமர். அதிலிருந்து பிறந்த 'லூக்குப்ரேஷன்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று அறிஞரின் நூலுழைப்பை மட்டும் குறிக்கிறது. நெற்றி விளக்கோடு மரம் சீவியவரின் உழைப்பும் சொல்லளவில் அதுவேயாகும்.

'முந்துதல்' என்னும் கருத்தை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு வழியில் பெறுகிறது. 'ஏர்லி' என்னும் பொது ஆங்கிலச் சொல், 'முன்' எனப் பொருள்படும் பழைய ஆங்கில அடியிலிருந்து வந்தது. அதில் ஒளி இல்லை. தமிழில் ஊர்ப்புறத்தார் 'வெள்ளென எழுந்தான்', 'வெள்ளன வந்துவிடு' என்பர். 'வெள்' என்னும் அடி வெண்மையையும் ஒளியையும் குறிப்பது. வானம் வெளுக்கும் நேரத்தில் என்பதே அதன் உட்பொருள். இங்கு ஒளி உண்டு, 'முன்' இல்லை. 'ஆன்டிலூக்கன்' என்பதிலோ 'முன்' என்பதும் 'ஒளி' என்பதும் சேர்ந்தே நிற்கின்றன.

அப்படியாயின் வானம் வெளுக்குமுன் உள்ள பொழுதுக்குத் தமிழில் பெயர் இல்லையா? உண்டு. 'கருக்கல்' என்னும் எளிய சொல் அதனையே குறிக்கிறது. இலக்கியத்தில் 'வைகறை' என்பர். ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை வகுத்தனர் தமிழர். ஒரு நாழிகை 24 நிமிடம். அக்கணக்கின்படி யாமத்துக்கும் காலைக்கும் இடைப்பட்ட பத்து நாழிகையே வைகறை. இன்றைய கணக்கில் அது நான்கு மணி நேரம். தொல்காப்பியம் வைகறையையும் விடியலையும் மருதத் திணைக்கு உரிய பொழுதுகளாக வைத்தது. மருதம் வயலும் வயல் சார்ந்த இடமும் ஆகும். உழவர் எழும் பொழுதும் உழைப்பின் நிலமும் ஒன்றாக வைக்கப்பட்டன என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

உரோமாபுரியில் இச்சொல்லை ஆண்டவர்

இலத்தீன் உரைநடையின் பேராசான் எனப் போற்றப்படும் சிசரோ இச்சொல்லை இரண்டு இடங்களில் ஆண்டிருக்கும் முறை நோக்கத்தக்கது.

கி.மு. 63-ஆம் ஆண்டில் கட்டிலீனா என்பவனின் சதியைக் கண்டித்து அவர் ஆற்றிய இரண்டாம் உரையில், அவனைச் சூழ்ந்திருந்த செல்வ இளைஞர்களைச் சாடுகிறார். அவர்களுடைய முயற்சியும் கண்விழிப்பும் விடியுமுன் வரை நீளும் விருந்துகளிலேயே செலவாகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. அவ்விருந்துகளுக்கு அடையாக இச்சொல் வருகிறது. இங்கு 'ஒளிக்கு முந்திய' பொழுது இன்னும் உறங்கச் செல்லாதவர்களுக்கு உரியது.

கி.மு. 45-இல் எழுதிய துஸ்குலத்து உரையாடல்களில் அதே சிசரோ அதே சொல்லை மற்றொருமுறை ஆள்கிறார். கிரேக்க நாவலர் தெமஸ்தெனஸ் பற்றிய செய்தி அது. கைவினைஞர்கள் விடியுமுன் தொடங்கும் உழைப்பில் தம்மை முந்திவிட்டால், அது தமக்கு வருத்தம் தருவதாகத் தெமஸ்தெனஸ் கூறுவாராம். இங்கு அச்சொல் உறங்கி எழுந்து உலைக்களத்துக்கும் தறிக்கும் சென்றுவிட்ட எளியவர்களைச் சேர்கிறது. கல்வியிற் சிறந்த ஒருவர் தம் விடாமுயற்சியை அளக்க அவர்களையே அளவுகோலாகக் கொண்டார்.

ஒரே பொழுது, ஒரே சொல். ஒருவருக்கு அது களியாட்டத்தின் முடிவு. மற்றவருக்கு உழைப்பின் தொடக்கம். 

உரோமாபுரியில் மேலும் ஒரு கூட்டத்தார் விடியுமுன் எழவேண்டியிருந்தது. செல்வர் ஒருவரைச் சார்ந்து வாழ்ந்தோர் நாள்தோறும் அதிகாலையில் அவர் வாயிலுக்குச் சென்று வணக்கம் செலுத்துவது வழக்கம். உயர்ந்த பதவியில் இருந்தோரும் இதற்கு விலக்கல்லர். இயற்கை வரலாறு எழுதிய மூத்த பிளினி, விடியுமுன்னரே பேரரசர் வெஸ்பாசியனைக் காணச் செல்வார் என்று அவருடைய மருமகனான இளைய பிளினி தம் மடல் ஒன்றில் எழுதியுள்ளார். தம் இருப்பை ஆண்டைக்குக் காட்டிக்கொள்வதே அன்றைய முதல் வேலை.

ஆசிரியரும் மாணவரும் இதில் சேர்ந்தனர் என்பது தமிழாசிரியர்களுக்குச் சுவையான செய்தியாகும். முதல் நூற்றாண்டுப் புலவர் மார்ஷியல், சேவல் கூவுமுன்பே பள்ளியில் கூச்சலிட்டுத் தம் உறக்கத்தைக் கெடுக்கும் ஆசிரியர் ஒருவரை வைது பாடியிருக்கிறார். அவருக்குப் பின் வந்த ஜுவனால், ஆசிரியரின் வறுமைக்கு இரங்கிய அங்கதப் பாட்டொன்றில் மாணவர் கொண்டுவரும் விளக்குகளைக் குறிப்பிடுகிறார். பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு விளக்கோடு வருவான். அவற்றின் புகை படிந்து ஹொராஸ், வெர்ஜில் ஆகிய பெரும்புலவர்களும் கரியேறிப் போயினராம். கல்வியும் அங்கே ஒளிக்கு முன்னரே தொடங்கிற்று.

ரப்பர் மரம் ஏன் இருளைக் கேட்கிறது

உரோமாபுரியிலிருந்து சிலாங்கூருக்கு வரும்போது, 'விடியுமுன்' என்பது ஆண்டையின் விருப்பத்தால் மட்டும் அமைந்ததன்று என்பது விளங்கும். அதற்கு மரமே முதற்காரணம்.

ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876-இல் ஹென்றி விக்காம் அங்கிருந்து விதைகளை இலண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக 1888-இல் வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். காப்பி விலை வீழ்ந்தபின் சிலாங்கூர்த் தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறினர். அத்தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியாகத் தமிழர் வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறையில் ஆள் சேர்ப்பது 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னரும் கங்காணி முறை தொடர்ந்தது.

மரத்தின் பாலை ஆங்கிலத்தில் 'லேட்டெக்ஸ்' என்பர். இதுவும் இலத்தீன் சொல்லே. நீர்மம் என்பது பொருள். இப்பால் பட்டையின் உள்ளே நுண்ணிய குழாய்களில் நிறைந்துள்ளது. பகலில் இலைகள் வழியே நீர் ஆவியாக வெளியேறுவதால் மரம் முழுவதிலும் நீரழுத்தம் குறைகிறது. இரவில் வேர் உறிஞ்சும் நீர் அக்குறையை நிரப்புகிறது. ஆகவே விடியுமுன்னரே பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அவ்வேளையில் பட்டையைச் சீவினால் பால் தாராளமாக வழிந்து மங்கில் நிறையும். வெயில் ஏறியபின் சீவினால் ஓட்டம் தளர்ந்துவிடும். 1925-இல் நிறுவப்பட்டு, சிலாங்கூரின் சுங்கை பூலோவில் ஆய்வுத் தோட்டம் நடத்திய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் அறிஞர்கள் இந்த அழுத்தத்தை மரத்திலேயே அளந்து காட்டினர். ஆனால் அவர்கள் அளக்குமுன்பே பால் வெட்டுவோர் அதனைக் கையால் அறிந்திருந்தனர்.

ஒருவருக்குரிய நிரையில் ஏறத்தாழ 400 முதல் 500 மரங்கள் வரை இருக்கும். கடைசி மரத்தைச் சீவி முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கக் கூடாது. அப்படியானால் முதல் மரத்தை இருளிலேயே தொடங்கவேண்டும். இந்த எளிய கணக்கே தோட்டத்தார் வாழ்க்கையை 'ஆன்டிலூக்கன்' ஆக்கிற்று.

பெரட்டும் ஆயாக்கொட்டகையும்

மரத்துக்குச் செல்லுமுன் ஒரு சடங்கு இருந்தது. அதற்குப் 'பெரட்டு' என்று பெயர். கருக்கலில் தோட்டத்து மணி ஒலித்ததும் லயத்து வீடுகளிலிருந்து அனைவரும் குறித்த இடத்தில் கூடவேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். கங்காணியோ மண்டோரோ வேலையைப் பிரித்துக் கொடுப்பர். பெயர் கூப்பிடும்போது இல்லாதவருக்கு அன்று பெயர் விழாது. பெயர் விழாவிட்டால் கூலி இல்லை.

'பெரட்டு' என்பது 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் மரூஉ என்பர். 'பரேடு' என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் 'பராரே' என்னும் இலத்தீன் வினை. ஆயத்தப்படுத்துதல் என்பது பொருள். தோட்ட நிருவாகிகள் எழுத்தில் இதனை 'மஸ்டர்' என்றனர். அச்சொல்லோ 'மோன்ஸ்ட்ராரே' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. காட்டுதல் என்பது அதன் பொருள். உரோமச் செல்வரின் வாயிலில் அதிகாலையில் தம்மைக் காட்டி நின்ற கூட்டத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். இருள் பிரியுமுன் ஆண்டையின் ஏட்டில் தம் இருப்பைப் பதிவது இரண்டு இடங்களுக்கும் பொதுவாயிற்று.

தாயும் தந்தையும் பெரட்டுக்குச் செல்லுமுன் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வர். 'ஆயா' என்னும் சொல்லை அகராதியாளர் போர்த்துகீசிய மொழியின் 'அயா' என்னும் செவிலிப் பெயரோடு இணைப்பர். அதன் மூலம் இலத்தீனில் பாட்டியைக் குறிக்கும் 'ஆவியா' என்பது. தமிழிலோ ஆய், ஆயி என்னும் தாய்ப்பெயர்கள் தொன்றுதொட்டு உள்ளன. அதனால்தான் இப்பெயர் தமிழர் வாயில் அந்நியமாக ஒலிக்கவில்லை. உறங்கும் குழந்தையைத் துணியோடு தூக்கிச் சென்று இருளில் ஒரு முதியவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போன தாய்மார் எத்துணையோ பேர். தம் குழந்தை கண்விழிக்கும் முகத்தை வேலை நாளில் அவர்கள் கண்டதில்லை.

கடிகாரம் நகர்ந்த வரலாறு

'ஒளிக்கு முன்' என்பது ஒளியைக் கொண்டு காலத்தை அளப்பது. உரோமர் பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பகுத்தனர். ஆதலின் அவர்களுடைய ஒரு மணி கோடையில் நீண்டும் குளிர்காலத்தில் குறுகியும் இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிலாங்கூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரைமணி வேறுபாடு கூட இல்லை. இங்கு ஞாயிறு ஏறத்தாழ மாறாமல் எழுகிறது. மாறியது கடிகாரமே.

கோல சிலாங்கூர் கிழக்குத் தீர்க்கரேகை 101 பாகையை அடுத்து அமைந்துள்ளது. ஞாயிற்றின் கணக்கில் அதன் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஏறத்தாழ 6 மணி 45 நிமிடம் முந்தியது. 1905 ஜூன் முதல் நாள் மலாயாவில் 7 மணி முந்திய நேரம் பொதுவாக்கப்பட்டது. 1933-இல் அது மேலும் 20 நிமிடம் முன்தள்ளப்பட்டது. மாலையில் வேலை முடிந்தபின் பகல் வெளிச்சம் மிஞ்சவேண்டும் என்பது அதன் நோக்கம். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூட்டி, ஏழரை மணியாக்கினர். 1942-இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரத்தைப் புகுத்தினர். அது 9 மணி முந்தியது. 1945-இல் மீண்டும் ஏழரை மணியாயிற்று. இறுதியாக, 1982 தொடக்கத்தில் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒத்துவரும் வண்ணம் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன்வைக்கப்பட்டு 8 மணி ஆயின.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காணலாம். கடிகாரம் காலை ஐந்து என்று காட்டும்போது, ஞாயிற்றின் கணக்கில் கோல சிலாங்கூரில் மணி என்ன? 1905-க்குப் பின் 4.45. 1933-க்குப் பின் 4.25. 1941 இறுதியில் 4.15. ஜப்பானியர் ஆட்சியில் 2.45. 1982 முதல் 3.45. ஐந்து மணி என்னும் பெயர் மாறவில்லை. அப்பெயர் மட்டும் மேலும் மேலும் இருளுக்குள் சென்றது. ஜப்பானியர் காலத்தில் இங்கு ஞாயிறு எழும்போது கடிகாரம் எட்டைத் தொட்டிருந்தது.

மாலை வெளிச்சத்தை விரும்பியோர் அலுவலகங்களில் பணியாற்றி, மாலையில் விளையாட்டுத் திடலுக்குச் செல்வோர். நண்பகலை ஒட்டிப் பாலை நிறுத்துக் கொடுத்துவிடும் தொழிலாளிக்கு அந்த 20 நிமிடத்தால் ஊதியம் எதுவுமில்லை. மரமும் சட்டசபையின் கடிகாரத்தைப் பார்த்துப் பால் சுரப்பதில்லை. ஒருவர் 'முந்தினார்', 'பிந்தினார்' என்னும் தீர்ப்பு அளவுகோலைக் கையில் வைத்திருப்போரைப் பொறுத்தது என்பதற்குச் சிலாங்கூரின் கடிகார வரலாறு நல்ல சான்றாகும்.

பிந்தி வந்த பிள்ளை

இத்தீர்ப்பு பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை நிருவாகத்தின்மேல் வைத்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல அவ்வாறு எழுந்தன. சில ஆயாக்கொட்டகைக்கு அருகிலேயே ஒரே அறையில் நடந்தன.

அப்பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைத் தோட்டத்துப் பெரட்டு ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் பெயர் கூப்பிடப்படுகிறது. இரண்டிலும் குறித்த நேரத்தில் இல்லாதவர் குற்றவாளி ஆகிறார். பெற்றோர் கருக்கலில் சென்றுவிட்டபின், எட்டு ஒன்பது வயதுப் பெண்பிள்ளை தம்பியை எழுப்பி, முகம் கழுவி, முந்தின நாள் சோற்றைப் பிசைந்து ஊட்டி, தானும் உண்டு பள்ளிக்கு வரவேண்டும். அவள் வந்து சேரும்போது முதற்பாடம் தொடங்கியிருக்கும். பதிவேட்டில் 'பிந்தி வந்தாள்' என்னும் குறிப்பு ஏறும். அவள் எழுந்தது எப்போது என்பதற்குப் பதிவேட்டில் இடமில்லை.

வகுப்பில் உறங்கி விழும் பிள்ளையின் நிலையும் இத்தகையதே. அவனைச் 'சோம்பேறி' என்று எழுதிவிடுவது எளிது. அவன் உண்மையில் அந்த அறையிலுள்ள அனைவரையும்விட முந்தி எழுந்தவனாக இருக்கக்கூடும். தெமஸ்தெனஸ் கைவினைஞரைக் கண்டு கொண்ட வருத்தம் இவ்விடத்தில் ஆசிரியர்க்கு நல்ல பாடமாகும். தம்மைவிட முந்தி எழுந்தவர்களை அவர் தாழ்த்தவில்லை; அவர்களிடம் தோற்றுப்போனதற்காகவே வருந்தினார்.

இந்நிலை முற்றும் பழங்கதையாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. கோல சிலாங்கூரில் இன்றைய கடிகாரப்படி ஞாயிறு ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் எழுகிறது. காலைப் பள்ளி ஏழரை மணியளவில் தொடங்குகிறது. சாலையோரத்தில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் தொலைவிடத்துப் பிள்ளைகள் ஒளிக்கு முன்னரே வீட்டை விட்டவர்கள். ஜுவனால் கண்ட விளக்கு மட்டும் அவர்கள் கையில் இல்லை.

மரம் மாறியது

விடியுமுன் எழுந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு இடையிலேயே அந்த வழக்கத்தை மாற்றவிருந்த மரமும் வளர்ந்தது. 1905-இல் மலாயாவுக்கு வந்த ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இவ்வட்டாரத்தில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை உருவாக்கினார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டார். இந்நாட்டில் வாணிக நோக்கில் அமைந்த முதற் செம்பனைத் தோட்டம் அதுவே. தமிழ்ச் சொல்லாகிய 'தென்னமரம்' அதன் பெயராக அமைந்தது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. அவர் பின்னர் மலாயா வாழ்வை வைத்து எழுதிய புதினம் 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அவர் மொழியில் காலைக்கு 'மத்தேன்' என்று பெயர். உரோமர் வைகறைத் தெய்வமாக வணங்கிய மாத்தூத்தாவின் பெயரோடு உறவுடைய சொல் அது.

செம்பனை இருளைக் கேட்பதில்லை. குலை பழுத்துவிட்டதா என்பதை நிறத்தாலும் தரையில் உதிர்ந்த பழங்களாலும் அறியவேண்டும். அதற்குக் கண்ணும் வெளிச்சமும் தேவை. 1960-களுக்குப் பின் வட சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்கள் படிப்படியாகச் செம்பனைக்கு மாறியபோது நெற்றி விளக்கும் உளியும் மங்கும் மறைந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தபோது தமிழ்க் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. பத்தாங் பெர்ஜுந்தையின் பெயரே இப்போது பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது.

வேலை மறைந்தால் அதற்குரிய சொல்லும் மறையும். 'பெரட்டு', 'பெயர் விழுதல்', 'நிரை', 'மங்கு', 'ஆயாக்கொட்டகை' ஆகியவற்றை இன்றைய மாணவர் பலர் பாட்டன் பாட்டியர் வாயிலன்றிக் கேட்க வழியில்லை. 'வெள்ளென', 'கருக்கல்' என்பனவும் 'ஏர்லி மார்னிங்' என்பதற்கு இடம் விட்டு ஒதுங்கி வருகின்றன.

இங்கேதான் 'ஆன்டிலூக்கன்' என்னும் அரிய சொல் ஓர் உண்மையை உணர்த்துகிறது. அச்சொல்லைப் பேசுவோர் இன்று எவரும் இல்லையெனினும் அது அழியவில்லை. ஒருவர் எழுதிவைத்தார், பின்வந்தோர் அகராதியில் சேர்த்தனர். அதனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெயரறியாக் கைவினைஞர் சிலர் இருளில் எழுந்து உழைத்தனர் என்பது இன்றும் அறியக் கிடக்கிறது. வட சிலாங்கூரில் அதே பொழுதில் எழுந்து உழைத்தவர்களின் சொற்கள் எழுதப்படவில்லையெனில், நூறாண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் உழைப்புக்குச் சான்று இல்லாமற் போகும்.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. மாணவன் ஒரு குறிப்பேட்டோடு தன் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எந்தத் தோட்டத்தில் எந்த நிரை அவருடையது, பெரட்டில் அவர் பெயரை எப்படிக் கூப்பிட்டனர் என்று கேட்டு எழுதினால் போதும். பொருள் விளங்காத சொல்லை அவர் வாயாலேயே விளக்கச் செய்து, நாளும் ஊரும் குறித்துவைக்க ஆசிரியர் கற்றுத்தரவேண்டும். அவ்வாறு சேரும் குறிப்பேடுகள் ஒரு பள்ளியின் நிலைப்பேழையில் இருபது இருந்தாலும் அவை ஓர் அகராதியின் தொடக்கமே. ரப்பர்க் காலத்தில் ஒளிக்கு முன் எழுந்தவர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்களிடம் கேட்கவேண்டியதை வெள்ளெனக் கேட்பதே அறிவுடைமை.